காரணம் தெரியாத சாவு என்று கடல்குதிரையைப் புதைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழை இணையத்தில் படிப்பவர்களில் பலர் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பரவி இருக்கிறார்கள். அங்கெல்லாம் பண்ணையில் பிறந்த கடல்குதிரையைக் கடையில் வாங்கி, அந்தந்த ஊர் விதிகளுக்கு உட்பட்டு வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாம். வாங்கிய சில மாதங்களில் அவர்கள் வாயில் வரும் பேச்சு ஒரே மாதிரி இருக்கிறது: "நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பார்த்தா தரையில கிடக்கு." இந்தக் கடிதம் அவர்களுக்காக. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் கடல்குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ வலையில் ஏறியது உயிரோடு இருந்தால் கடலுக்கே போகவேண்டும், தொட்டிக்கு வரக்கூடாது.

கடல்குதிரை காரணம் இல்லாமல் சாவதில்லை. காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் முன்பே தொட்டிக்குள் நுழைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த ஜோடியை வாங்கி அதே நீரில் விடுவதுதான் இந்தப் பழக்கத்தில் நடக்கும் பெரிய கொடுமை. ஒரே தொட்டியில் மூன்று ஜோடி, நான்கு ஜோடி என்று வரிசையாகச் சாகின்றன. பழி மட்டும் "அது ரொம்ப மென்மையான ஜீவன்" என்று கடல்குதிரை மேல் விழுகிறது.

சாவு எப்படி வந்தது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஒரே நாளுக்குள் எல்லாமும் செத்தால் அது பெரும்பாலும் நோய் அல்ல. நீரில் நஞ்சு, அல்லது மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லை. நாலைந்து நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் தொற்று. மற்றவை நன்றாகத் தின்றுகொண்டிருக்க ஒன்று மட்டும் போனால் அதன் உடம்புக்குள்ளேயே கோளாறு: ஆணாக இருந்தால் குஞ்சு சுமக்கும் பை, பெண்ணாக இருந்தால் முட்டை, இல்லையென்றால் ஈரல் அல்லது வயது. நடுத்தரமான இனங்கள் தொட்டியில் நாலைந்து ஆண்டு வாழும். இரண்டரை சென்டிமீட்டர் மட்டுமே வளரும் குட்டி இனமான ஸோஸ்டெரேவுக்கு ஆயுளே ஏறத்தாழ ஓராண்டுதான். அது பதினாலாம் மாதம் போனால் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாம் போன வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது அறையை. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் தள்ளுகிறது. கொசுவிரட்டி மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனினத்துக்குக் கொடிய நஞ்சு. சுவருக்கு அடித்த பெயின்ட், கையில் தடவிய சானிடைசர், குளோரமின் என்னும் கிருமிநாசினியை நீக்காத குழாய்நீர், நீர்ப்பாதையில் மாட்டிய பித்தளை இணைப்பு, விரிசல் விட்ட ஹீட்டர், இரவில் மின்சாரம் போய் நின்றுவிட்ட பம்ப், பல மாதம் அசைக்காத மணலைக் கிளறியதில் எழும் அழுகிய முட்டை வாடையுள்ள வாயு என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள். விசாரிக்கும் முன்பே நீரை மாற்றிவிடக்கூடாது. ஒரு லிட்டர் நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடி வைத்துவிட்டு, அதன்பிறகு மாற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட், பிஎச், உப்படர்த்தி, வெப்பநிலை ஐந்தையும் எழுதி வையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்கவேண்டும். நைட்ரேட் 10 பிபிஎம்மைச் சுற்றி இருந்தால் நல்லது, 20 தாண்டினால் தொட்டியில் அழுக்கு சேருகிறது என்று பொருள். உப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை, பிஎச் 8.0 முதல் 8.4 வரை. ஒரே அளவு அம்மோனியாவும் பிஎச் ஏற ஏற, சூடு ஏற ஏற கூடுதல் நஞ்சாகிறது. அதனால் அம்மோனியா எண்ணை மட்டும் தனியாகப் பார்த்து "கொஞ்சம்தானே" என்று விடாதீர்கள்.

தொற்று என்றால் பத்தில் பல முறை விப்ரியோ என்னும் பாக்டீரியாவில்தான் போய் நிற்கும். வால் நுனி வெளுத்து, தோல் உரிந்து, சதை சிவந்து அரிபடுவதும், மூக்குக் குழல் வீங்கி ஓரம் தேய்வதும் பெரும்பாலும் இதன் வேலை. விப்ரியோ வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. எந்தக் கடல்நீரிலும் இருக்கும். அது பெருகித் தாக்குவதற்கு இரண்டு வேண்டும்: சூடு, அழுக்கு. வெப்பமண்டல இனங்களான குடா, ரெய்டி, எரெக்டஸ் ஆகியவற்றைத் தொட்டியில் 22 அல்லது 23 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்வது இதனால்தான். "கடலில் 28 டிகிரியில் வாழ்கிறதே" என்று கேட்பார்கள். கடலில் அந்த உடம்பைச் சுற்றி ஓடும் நீருக்கு அளவில்லை. நூறு லிட்டர் தொட்டியில் அது தின்றதும் கழித்ததும் மிச்சம் வைத்ததும் அங்கேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. அழுக்கு சேர்ந்த தொட்டி நீரில் கிருமி அடர்த்தியாகிவிடும். அந்த அடர்த்தியோடு 27 டிகிரியும் சேர்ந்தால் விப்ரியோ பெருகும் வேகமும் கூடும், அதன் வீரியமும் கூடும். ஆஸ்திரேலியாவின் பானைவயிற்றுக் கடல்குதிரை குளிர்நீர் இனம். 16 முதல் 18 டிகிரி அதற்கு இதம். வெளியே 40 டிகிரி அடிக்கும் மெல்பர்ன் கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அதை வைத்திருப்பது நியாயமே இல்லை. சில்லருக்குப் பணம் இல்லையென்றால் கடல்குதிரைக்கும் பணம் இல்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிவுசெய்யும் வெப்பமானி ஒன்று போதும், "எங்கள் தொட்டி எப்போதும் 23தான்" என்பவர்களின் தொட்டி பிற்பகல் மூன்று மணிக்கு 27ஐத் தொடுவதைக் காட்டிவிடும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? கடல்குதிரைக்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. தின்றது வேகமாகக் குடல் வழியே போய்விடுவதால் நாளுக்கு இரண்டு மூன்று முறை தீனி போட்டே ஆகவேண்டும். உறையவைத்த மைசிஸ் இறால் ஒவ்வொன்றும் கொழுப்பும் புரதமும். தின்னாமல் பாறை இடுக்கில் விழுந்த நாலு இறால் இரண்டு நாளில் கிருமிப் பண்ணையாகிவிடும். நீரின் சோதனை எண்கள் எல்லாம் சரியாக இருக்க, உள்ளே விப்ரியோ கொழுப்பது இந்த இடுக்குகளில்தான். சோதனைக் குப்பி இதைக் காட்டாது. எனவே தீனியை நீரில் தூவாதீர்கள். ஒரு சிப்பியையோ கண்ணாடிக் கிண்ணத்தையோ ஒரே இடத்தில் வைத்து, குழாய் ஒன்றின் வழியாக அதில் இறக்குங்கள். சில நாளில் மணி அடித்தது போல அங்கே வந்து நிற்கும். அரைமணி கழித்து மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இறாலைக் குளிர்ந்த நீரில் உருகவைத்து, வடிகட்டி, அலசிவிட்டுக் கொடுங்கள். தலை கறுத்த இறாலைக் குப்பையில் போடுங்கள். வாரம் ஒருமுறை பாறைகளுக்குப் பின்னால் சிறு பம்ப்பால் ஊதி, கிளம்பிவரும் தூசியை உறிஞ்சியபடி இருபது சதவீத நீரை மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். பஞ்சு அழுக்கைப் பிடித்துவைக்கிறதே தவிர நீரிலிருந்து வெளியேற்றுவதில்லை. அதை வெளியே எடுக்கும் வேலை கையுடையது.

இன்னொரு வாசலும் உண்டு. தீனியாகப் போடும் உயிருள்ள ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலோடு ஹைட்ராய்டு என்னும் கொட்டும் சிற்றுயிர் வரும். கண்ணாடியில் பழுப்பு நூல் போல ஒட்டி நிற்கும், பாசி என்று விட்டுவிடுவார்கள். அது கொட்டிய இடத்தில் வாலிலோ மூக்கிலோ ஊசிமுனை வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி வழியாக விப்ரியோ நுழைகிறது. ஐப்டேசியா என்னும் சிறு கடல் அனிமோனும் இதே வேலையைச் செய்யும்.

விப்ரியோவைச் சந்தேகித்தால் கண்ணை மூடிக்கொண்டு கடையில் கிடைக்கும் மருந்தை ஊற்றாதீர்கள். பாக்டீரியாக்களைக் கிராம் பாசிடிவ், கிராம் நெகடிவ் என்று இரு வகையாகப் பிரிப்பார்கள்; விப்ரியோ கிராம் நெகடிவ் வகை. எரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் முக்கியமாகக் கிராம் பாசிடிவ் வகைக்கு. பணமும் போய், நாளும் போய், பிரதான தொட்டியில் ஊற்றியிருந்தால் அம்மோனியாவைத் தின்னும் நல்ல கிருமியும் செத்து, அடுத்த வாரம் அம்மோனியாவில் எல்லாம் போகும். நோயுற்றதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 40 லிட்டர், அடியில் மணல் இல்லாமல், பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் செடி, காற்றுக் கல், மருந்து போடும்போது கார்பனும் யுவி விளக்கும் நுரையாக அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் இல்லாமல். வெப்பநிலையை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கி, வெப்பமண்டல இனத்துக்கு 20 டிகிரியில் நிறுத்துங்கள். தனித் தொட்டியில் வடிகட்டும் கிருமி இல்லாததால் அம்மோனியாவைக் காலையும் மாலையும் பாருங்கள். மருந்தை மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். புண்ணிலிருந்தோ, இறந்ததன் சிறுநீரகத்திலிருந்தோ எடுத்த பூச்சை வளர்த்து எந்த மருந்துக்கு மடியும் என்று பார்த்தபின் செய்யட்டும். நம் கடற்கரை இறால் பண்ணைக்காரர்களுக்கு இது புதிதல்ல. விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டில் மஞ்சள் காலனி, பச்சைக் காலனி என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பது இதே விப்ரியோவைத்தான். இறாலுக்குச் செய்யும் அந்தச் சோதனையைக் கடல்குதிரைக்கும் கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்தது வாயு நோய். ஆண்களிடம் அதிகம். குஞ்சு சுமக்கும் பை காற்றடைத்த பந்தாகி, தலைகீழாக மேலே மிதக்கும். சிலவற்றுக்குத் தோலுக்கடியில் கண்ணாடிக் குமிழ் போல வாலில் எழும். இன்னும் சிலவற்றுக்கு வயிற்றுக்குள். காரணங்களில் நம் கையில் இருப்பது நீரில் கூடுதலாகக் கரைந்த வாயு. பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் ஊசித் துளை இருந்தால் அது காற்றை இழுத்து, அழுத்தத்தில் நீருக்குள் கரைத்துவிடும். தொட்டி முழுக்கப் பொடிக் குமிழாகத் தெரியும். குளிர்ந்த நீரைச் சட்டென்று சூடாக்கி ஊற்றினாலும் இதே கதி. புதிய உப்புநீரைக் கலந்து, ஒரு நாள் முழுக்கக் காற்று ஓட்டி, தொட்டியின் வெப்பத்துக்கு வந்தபின் ஊற்றுங்கள். தொட்டியின் உயரமும் முக்கியம். வாலை நீட்டி அளந்த நீளத்தைப்போல மூன்று மடங்கு, எப்படியும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல். ஒரு ஜோடிக்கு 110 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றலாம். ஈரக் கையால் நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்து, வாலை விரலில் சுற்றிக்கொள்ள விட்டு, பையின் மேல்பக்கத் திறப்பில் மொட்டை முனையுள்ள மெல்லிய குழாயைச் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து, கீழிருந்து மேலாக விரலால் மெல்ல வருடினால் குமிழ் வெளிவரும். சூல்கொண்ட ஆணுக்கு இதைச் செய்யக்கூடாது. தோல் குமிழை ஊசியால் குத்தவே கூடாது. குத்தின இடம் புண்ணாகி அதிலேயே போகும். வெளியேற்றியும் இரண்டாம் முறை நிரம்பினால், அல்லது குமிழ் தோலுக்கடியில் இருந்தால், அசிட்டசோலமைடு. கண் அழுத்த நோய்க்கும் மலையேறுபவர்களுக்கும் கொடுக்கும் அதே மாத்திரை. மருத்துவர் எழுதித்தான் வாங்கமுடியும், எழுதித்தான் வாங்கவேண்டும். வழக்கமான அளவு 38 லிட்டர் நீருக்கு 250 மில்லிகிராம், பொடித்துக் கரைத்து, தனித் தொட்டியில். நாள்தோறும் முழு நீரையும் மாற்றி மறுபடி அதே அளவு, ஏழு முதல் பத்து நாள். பசி குறையும், எனவே தின்பதை எண்ணிக்கொண்டே இருங்கள். குமிழ் அடங்கியபின்னும் பம்ப்பின் துளையை அடைக்காமல் திருப்பி விட்டால் ஒரு வாரத்தில் மறுபடி மிதக்கும்.

சூல் கழிந்த ஆணைக் கவனியுங்கள். வெளிவராத குஞ்சு பைக்குள் அழுகி, காற்றும் சீழும் கோத்துச் சாவது "குட்டி போட்ட மறுவாரம் திடீரென்று செத்தது" என்ற கணக்கில் பலமுறை எழுதப்படுகிறது.

ஒட்டுண்ணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதல் அறிகுறி காதில் கேட்கும். கடல்குதிரை இரையை உறிஞ்சும்போது ஒரு சொடக்குச் சத்தம் வரும். அது மங்கினால், குறி தவறினால், உறிஞ்சியதைத் துப்பினால் செவுளில் ஏதோ இருக்கிறது. தாமிர மருந்து கடல்குதிரைக்கு ஆபத்தாகலாம். நன்னீர்க் குளியல் ஆகும்: குளோரின் நீக்கி, வெப்பமும் பிஎச்சும் தொட்டிக்குச் சமமாக்கி (பிஎச்சுக்குச் சமையல் சோடா), காற்று ஓட்டிய நீரில் அதிகபட்சம் பத்து நிமிடம். துள்ளித் துடித்தால் உடனே எடுத்துவிடவேண்டும். பார்மலின் போடுவதானால் 37 சதவீதக் கரைசலில் 40 லிட்டருக்கு 1 மில்லி, பலமாகக் காற்று ஓட்டி. அது ஆக்சிஜனைக் குறைக்கும். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள், அது கூடுதல் நஞ்சு.

இனி, பெரும்பாலோர் செய்யாமல் விடுவதைச் சொல்கிறோம்: இறந்ததைத் திறந்து பார்ப்பது. மனம் வராது என்பது புரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்களிடம் இதைச் சொல்ல எங்களுக்கும் கடினம்தான். ஆனால் அடுத்திருப்பதைக் காப்பாற்ற அதன் உடம்பு ஒன்றுதான் சாட்சி, அந்தச் சாட்சி சில மணிநேரத்தில் அழுகிவிடும். கண்டவுடன் பிளாஸ்டிக் பையில் நீரில்லாமல் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் திசுக்கள் வெடித்து, நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கே மருத்துவரிடமோ மீன்நோய் ஆய்வகத்திடமோ ஐஸ் பொதியோடு கொடுங்கள். முடியாவிட்டால் வயிற்றில் ஒரு கீறல் போட்டு, உடம்பைப் போலப் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீதப் பார்மலினில் முக்கி வைக்கலாம். கிருமி வளர்க்க உதவாது, திசு பார்க்க உதவும்.

நுண்ணோக்கி இருக்கும் வீட்டில் சிலதை அங்கேயே பார்க்கலாம். கையுறை கட்டாயம். செவுள் இழை இரண்டைக் கத்தரித்து, ஒரு சொட்டுத் தொட்டி நீரோடு ஸ்லைடில் வைத்து, முதலில் 40 மடங்கு, பிறகு 100 மடங்கு. அசையாமல் ஒட்டியிருக்கும் பழுப்பு உருண்டைகள் வெல்வெட் நோயான அமிலூடினியம். உருண்டையாக மெல்லச் சுழல்வது கிரிப்டோகேரியான், அதுதான் வெள்ளைப்புள்ளி. கண்ணீர்த்துளி வடிவில் விரைந்து ஓடுபவை யூரோனீமா. உயிரினம் ஏதும் இல்லாமல், இழையின் ரத்தக் குழாய்க்குள்ளேயே குமிழ் நின்றால், மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம், பம்ப்பைப் பாருங்கள். வயிற்றைக் கழிவுத் துளையிலிருந்து மேல்நோக்கிச் சிறு கத்தரியால் திறந்தால், உள்ளே கலங்கிய அல்லது ரத்தம் கலந்த நீர் இருந்தால் கிருமித் தொற்று. ஈரல் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, எடுத்துப் போட்ட துண்டு மிதந்தால் கொழுப்பு ஈரல்: தீனி தாராளம், அதிலும் கொழுப்பு சேர்த்த தீனி. ஈரலிலும் சிறுநீரகத்திலும் வெள்ளை மணல் போல முடிச்சுகள் இருந்தால் மைக்கோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா. இதை ஆய்வகம் அமிலச் சாயச் சோதனையில் உறுதிசெய்யும்.

இந்தக் கடைசி ஒன்றுக்காகவாவது திறந்து பார்க்கச் சொல்கிறோம். இது மெல்ல இளைக்கவைத்து, ஒரு நாள் காலையில் "காரணமில்லாமல்" கொல்லும் நோய். நம்பத்தகுந்த மருத்துவம் கிடையாது. மைக்கோபாக்டீரியம் மரினம் மனிதரின் கை வெட்டுக்காயம் வழியாக நுழைந்து, விரலில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். தொட்டியில் கைவிடும் வீட்டாருக்கு அப்படி முடிச்சு வந்தால், மருத்துவரிடம் மீன்தொட்டி இருப்பதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அது நினைவுக்கே வராது. இந்த நோய் உறுதியான தொட்டியின் பாறை, மணல், பஞ்சு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். கண்ணாடியையும் வலையையும் கழுவிக் காயவைத்து 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். வீட்டில் வைத்திருக்கும் பிளீச்சிங் கரைசலை மட்டும் நம்பாதீர்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனத்தின் பெயர், பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா, உறைந்த மைசிஸ் தின்னப் பழகியதா, எத்தனை நாளாகக் கடையில் இருக்கிறது என்ற நான்கு விவரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கடலோர வலைக்கூண்டில் வளர்ந்ததைப் பண்ணையில் பிறந்தது என்று சொல்லி விற்கும்போது, வாங்குபவர் கடலின் ஒட்டுண்ணி முழுவதையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். வாங்குபவர்கள் இரண்டு இனங்களை ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். ஓர் இனம் தாங்கும் கிருமியை மற்றொன்று தாங்காது. புதிதாக வந்தது எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும் ஆறு வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி. சாவு நடந்த தொட்டியில் காரணம் தெரிந்து, அதைச் சரிசெய்து, ஆறு வாரம் நீர் எண்களும் பிற்பகல் வெப்பமும் நிலையாக நிற்கும் வரை அடுத்ததை வாங்க வேண்டாம். காலியாக ஓடும் அந்த நாட்களிலும் நல்ல கிருமி பட்டினி கிடக்காமல் இருக்க, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போட்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி பராமரிக்கும் வாசகர்கள் சிலர்